கண்வலிப்பூவைக் கள்ளத்தனமா பாத்தவங்க

வளப்பூர் பஸ்ல எனக்கு முன் சீட்டு அக்கா பக்கத்து அக்காகிட்டச் சொல்லுச்சு: "எங்கூட்டுக்காரரு கோடை முச்சூடும் செத்த கொடிக்குக் காவல் இருந்தாருங்க."

"என்ன கொடிங்க?"

"கண்வலிப்பூ. வேலியோரம் வெச்சது காஞ்சுபோச்சு. அடியில கிழங்கு இருக்குது, மம்பட்டி போடாதேன்னாரு. பூத்தாலும் திரும்பிப் பாக்கமாட்டேன்னு சவால் உட்டுட்டேன். மழை பேஞ்சதும் வேலி பூரா செவப்புங்க."

"பாத்தீங்களா?"

"அவரு காட்டுக்குப் போனதும் ஜன்னல்ல நின்னு பாப்பேன். மெதுவா பேசுங்க, பின்னாடிதான் தூங்கறாரு. தெரிஞ்சா மானம் போயிரும்."

"உத்துப் பாத்தா கண்ணு வலிக்குமுன்னு சொல்லுவாங்களே?"

"வலிச்சா வலிக்கட்டுமுங்க."

எம்பக்கத்துல தூங்கிட்டு வந்த மனுசன் கண்ணைத் தொறக்காமயே சொன்னாரு: "அதுக்குத்தான் நேத்து கண்ணுக்குச் சொட்டு மருந்து கேட்டியா?"

அக்கா முந்தானையில மூஞ்சிய மூடிக்கிச்சு. அவரே சொன்னாரு:

"ஜன்னலோரமே இன்னொரு கிழங்கு வெச்சுடறேன், சாமி."