அம்மாவின் முழங்காலும் அத்தையின் தேனும்

கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு இந்த அவையின் தலைமையைத் தாங்கி நிற்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எனக்கு நூல்களை இரவல் தந்து தந்து சலிக்காத வாசகசாலைச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே முகம் மலர்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, விட்ட வேலையை மனதுக்குள் செய்துகொண்டிருக்கும் தாய்மார்களே, கூட்டம் எப்போது முடியும் என்று கடைசி வரிசையில் காத்திருக்கும் என் வகுப்புத் தோழிகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"மூட்டுவலிக்கு இயற்கை தந்த மருந்துகள்" என்பது எனக்குத் தந்த தலைப்பு. தேனைப் பற்றித் தித்திக்கத் தித்திக்கப் பேசவேண்டும் என்றுதான் நானும் தொடங்கினேன். தேனீக்களைப் பற்றிப் படித்தேன். தேனடையைப் பற்றிப் படித்தேன். அடுக்குமொழியில் ஆறு பக்கம் எழுதியும் வைத்தேன். அந்த ஆறு பக்கத்தையும் நான் இன்று கொண்டுவரவில்லை.

சத்தமாகப் பேசச் சொல்கிறீர்களா, ஐயா? பேசுகிறேன். ஒலிபெருக்கியும் என்னைப் போலவே கொஞ்சம் களைத்திருக்கிறது.

ஆம், அவையோரே, களைத்துத்தான் வந்திருக்கிறேன். வலி ஒருவருக்கு வந்தால் வீடு முழுவதற்கும் வருகிற களைப்பு ஒன்று உண்டு. அதை இங்கே பலர் அறிவீர்கள். வெந்நீர் போட்டுப் போட்டு வருகிற களைப்பு. எண்ணெய் தேய்த்துத் தேய்த்து வருகிற களைப்பு. "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு, அதே பதிலைக் கேட்டுக் கேட்டு வருகிற களைப்பு. அந்தக் களைப்பிலிருந்துதான் பேசுகிறேன்.

எங்கள் வீட்டின் முன்னறை ஒரு தையற்கடை. அப்பாவின் அக்காவாகிய என் அத்தை அங்கே துணி வெட்டுபவர். அம்மா தைப்பவர். அத்தை வெட்டாத துணியை அம்மா தைத்ததில்லை. அம்மா தைக்கிற இயந்திரத்தில் அத்தை உட்கார்ந்ததில்லை. துணியை விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவி, சாக்கட்டியால் கோடிழுத்து, அந்தக் கனத்த கத்தரிக்கோலை அத்தை உள்ளே விட்டால், வெட்டி முடிக்கும்வரை அது மேசையை விட்டு எழாது. அந்தக் கைதான் எங்கள் கடை.

அந்தக் கைக்கு வந்தது முடக்குவாதம். விரல் மூட்டுகள் வீங்கின. காலையில் சட்டைப் பொத்தான் போடமுடியாது. ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை கொடுத்து, விடாமல் சாப்பிடச் சொன்னார்கள். அது மெல்ல மெல்லத்தான் வேலை செய்தது. ஆனால் செய்தது. கத்தரிக்கோல் மீண்டும் அத்தையின் கையில் நின்றது.

அம்மாவுக்கும் வலி. ஆனால் அது முழங்காலில். பெடலை மிதித்து மிதித்துத் தேய்ந்த மூட்டு. ஒருவருடைய நோய் உடம்புக்குள்ளிருந்து வருவது. மற்றவருடைய நோய் வேலையிலிருந்து வருவது. இரண்டுக்கும் எங்கள் வீட்டில் ஒரே பெயர். மூட்டுவலி. அந்த ஒற்றைப் பெயர் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அம்மாவின் முழங்காலுக்கு நாங்கள் செய்யாதது என்ன? அரைத்துப் பூசாத இலை எது? இஞ்சியைக் கொதிக்கவைத்துக் குடித்தார். பூண்டை நசுக்கிக் கட்டினார். மணலை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுத்தோம். முட்டைக்கோஸ் இலையைக் காலில் கட்டிக்கொண்டு அம்மா ஒரு நாள் முழுக்கத் தைத்தார். துணி வாங்க வந்த பெண் ஒருவர், "தேனீய விட்டுக் கொட்டச் சொல்லுங்க, வலி பறந்துடும்" என்றார். "வலி பறக்குமோ என்னவோ, நான் பறந்துடுவேன்" என்றார் அம்மா.

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்துவிட்டு மறுபடியும் வெந்நீர் போட்டோம்.

அப்போதுதான் அத்தை தேன் வாங்கிவந்தார். வெதுவெதுப்பான நீரில் தேன் ஊற்றி, பட்டைப் பொடி கலந்து, வெறும் வயிற்றில் அம்மாவிடம் நீட்டினார்.

"ஏம்மா, முகத்த சுளிக்காம குடி. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அண்ணி, போன மாசம் இஞ்சிக்கும் இதத்தான் சொன்னீங்க."

"இஞ்சி காரம். இது இனிப்பு. இனிப்புக்குமா மூஞ்சிய தூக்குவ?"

அம்மா குடித்தார். நாள்தோறும் குடித்தார். வியப்பிலும் வியப்பு, வலி குறைந்தது. மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கிக்கொண்டிருந்தவர் நேராக இறங்கினார். உட்கார்ந்த இடத்திலிருந்து ஊன்றாமல் எழுந்தார். அத்தைக்கு வந்த பெருமையை நான் எப்படிச் சொல்வேன்? கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லிக் காட்டினார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் தேனுக்கு அளவு கேட்டுப் போனார்கள்.

அந்த நாட்களில் எங்கள் கடையில் இன்னொன்றும் நடந்தது. லேத் பட்டறையில் வேலை செய்யும் என் அப்பா, ஒரு பழைய மோட்டாரைத் தேடிப் பிடித்து வந்து அம்மாவின் இயந்திரத்தில் மாட்டினார். அதன்பின் பெடலை மிதிக்கத் தேவையில்லை. காலால் லேசாக அழுத்தினால் போதும், இயந்திரம் தானே ஓடியது. நன்றாக ஓடுகிறது என்று எல்லோரும் சொன்னோம். அதோடு அதை மறந்தோம்.

முன்வரிசை அம்மா ஒருவர் இப்போதே தலையாட்டுகிறார். உங்களுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வீடே சேர்ந்து பார்த்தும் எங்களுக்குப் புரியவில்லை, அம்மா.

ஒருநாள் சாப்பிடும்போது அத்தை அறிவித்தார்: "இனி எனக்கும் தேன்தான். அந்த மாத்திர போதும். அத சாப்பிட்டா அன்னைக்கு முழுக்க வயித்த புரட்டுது."

"டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாக்கா?" என்று அப்பா கேட்டார்.

"இவ காலு சரியானது டாக்டராலயா?"

அப்பா தலையாட்டினார். அம்மா தலையாட்டினார். படிப்பவள் என்று பெயரெடுத்த நானும் தலையாட்டினேன்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. வயிற்றுப் புரட்டல் நின்றதால் அத்தை இன்னும் உற்சாகமாகக்கூட இருந்தார். பிறகு மோதிரம் கழலவில்லை. பிறகு கடைப் பூட்டைத் திறக்க அம்மாவைக் கூப்பிட்டார். பிறகு சாக்கட்டி விரலிலிருந்து வழுக்கியது. "குளிரு" என்றார். "கைய மடக்கித் தூங்கிட்டேன்" என்றார். தேனில் இன்னொரு கரண்டி கூட்டிக்கொண்டார். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பேசக் கற்றுக்கொண்டார்.

ஒருநாள் இளம் வக்கீல் ஒருவர் தன் முதல் கறுப்புக் கவுனுக்குத் துணி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அத்தை துணியை விரித்தார், நீவினார், கோடிழுத்தார், கத்தரிக்கோலை உள்ளே விட்டார். பாதித் துணியில் கத்தரிக்கோல் நின்றது. விரல்கள் மூடவில்லை. இடது கையால் வலது கையை அழுத்தி மூடினார். கத்தரிக்கோல் கோட்டை விட்டு விலகிப் போய்விட்டது.

"ஓரந்தானே அண்ணி. மடிச்சுத் தைச்சுடலாம்" என்றார் அம்மா.

"மடிக்கிறதுக்கா நான் வெட்டுறேன்?" என்றார் அத்தை.

அம்மா தன் இயந்திரத்துக்குத் திரும்பினார். மோட்டார் மட்டும் ஓடியது.

அந்த மோட்டாரும் ஒருநாள் புகைந்து நின்றது. "உள்ள இருக்கிற காயில் கம்பி எரிஞ்சு போச்சு. சுத்தித்தான் மாட்டணும்" என்று அப்பா பட்டறைக்கு எடுத்துப் போனார். அம்மா பழையபடி பெடலை மிதித்தார். அந்த வாரம் முடிவதற்குள் முழங்கால் வீங்கியது. தேனை நிறுத்தினாரா? இல்லை. குறைத்தாரா? இல்லை. காலையில் குடித்த தேன் இனிக்க இனிக்க, கால் வலிக்க வலிக்க, அம்மா பக்கவாட்டாகவே படியிறங்கினார்.

"தேன் பழசாயிருக்கும். வேற வாங்கறேன்" என்றார் அத்தை.

அம்மா பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்தார். அவர் குரல் மிகத் தாழ்ந்து வந்தது.

"அண்ணி, தேன் பழசில்ல. மோட்டார் இருந்தப்ப நான் மிதிக்கல. அதான் வலிக்கல."

அத்தை முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து மேசைமேல் வைத்தார். வீங்கிய விரல்கள். அவற்றில் இரண்டு விரல்கள் வெளிப்புறமாகச் சாயத் தொடங்கியிருந்தன.

"அப்போ நான் எத நம்பி மாத்திரைய விட்டேன்?"

அவையோரே, அந்தக் கேள்வியை நான் இங்கே அலங்கரிக்க விரும்பவில்லை. அப்படியே வைக்கிறேன்.

மறுநாள் காலையிலேயே அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் ஒரு பெண். வெளியே நீண்ட வரிசை. அவருக்கும் களைப்பு. அத்தையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

"தேன் சாப்பிட்டதுக்குத் திட்ட மாட்டேன்மா. உங்களுக்கு சர்க்கரையும் இல்ல. ருசிக்கு சாப்பிடுங்க. ஆனா மாத்திரைய ஏன் விட்டீங்க?"

"வயித்த புரட்டுச்சுங்க."

"அத என்கிட்ட சொல்லிருந்தா மாத்தித் தந்திருப்பேனே. அதுக்குத்தானே இங்க உக்காந்திருக்கேன்."

"இவ்ளோ கூட்டத்துல இதப்போய் சொல்லணுமான்னு இருந்துட்டேன்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதச் சொல்லத்தாம்மா இந்தக் கூட்டம். வீக்கத்த குறைக்கலாம். சாஞ்ச விரல் ரெண்டும் பழையபடி நேராகும்னு என்னால சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது வழியெல்லாம் அப்பாதான் பேசினார். அத்தையைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். "மோட்டார தேடிப் புடிச்சு மாட்டினவன் நான். பேரு வாங்கினது தேனா? ஒரு வார்த்த நன்றி சொன்னீங்களாக்கா?" அத்தை சிரிக்கவில்லை. "சொல்லிருந்தா என் வெரல் நேரா இருந்திருக்கும்டா" என்றார்.

அங்கே யாரோ கேட்கிறீர்கள், "அப்போ தேன் பொய்யா?" என்று. இல்லை, அண்ணா. தேன் பொய் சொல்லவில்லை. தேனுக்கு வாயில்லை. வலி குறைந்தால் யாருக்காவது மாலை போடவேண்டும் என்ற அவசரம் எங்களுக்கு. கண்ணெதிரே தேன் கிண்ணம் இருந்தது, கிண்ணத்துக்குப் போட்டோம். காலுக்கடியில் மோட்டார் இருந்தது, குனிந்து பார்க்கவில்லை. ஒற்றடம் இதமானது, கொடுங்கள். எண்ணெய் சுகமானது, தேயுங்கள். தேன் இனிமையானது, பருகுங்கள். ஆனால் என் காலுக்கு வந்த நன்மை உன் கைக்கும் வரும் என்று உறுதி சொல்ல நாம் யார்? அன்பினால் சொல்கிறோம். அத்தை சொன்னதும் அன்பினால்தான். அன்பாகச் சொன்னாலும் விசாரித்துச் சொல்லக்கூடாதா? நோய் எது என்று கேளுங்கள். வலி குறைந்தபோது வாழ்க்கையில் வேறு என்ன மாறியது என்று கேளுங்கள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா, விட்டுவிடும் முன் தந்தவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். வரிசை நீளமாக இருந்தாலும் சொல்லுங்கள். அவருக்கும் களைப்பு, உங்களுக்கும் களைப்பு. இருந்தாலும் சொல்லுங்கள்.

அத்தை இப்போது வேறு மாத்திரை சாப்பிடுகிறார். வீக்கம் வடிந்து வருகிறது. இவ்வளவு நாளும் அத்தை கோடிழுக்க, அம்மா வெட்டிப் பழகினார். தப்பு வெட்டுக்கு இருவரும் சண்டை போட்டார்கள். கடை ஓடியது, நொண்டி நொண்டி ஓடியது.

இன்று காலை, நான் இங்கே கிளம்பும் நேரத்தில், அத்தை கத்தரிக்கோலை எடுத்தார். கைப்பிடியில் துணி சுற்றியிருந்தார். ஒரு சட்டைக் கையை, நிறுத்தி நிறுத்தி, முழுதாக வெட்டி முடித்தார். அம்மா தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் பையைக் கீழே போட்டுவிட்டு, "அத்தை, மாத்திரை வேலை செய்யுது" என்று கத்திவிட்டேன்.

அத்தை வெட்டிய துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். சற்றே கோணல்தான்.

"இரு கண்ணு. மாத்திரையா இருக்கலாம், கைப்பிடியில சுத்தின துணியா இருக்கலாம், வெயில் வந்ததா இருக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் பாத்துட்டுச் சொல்றேன்."

இவ்வளவு நேரம் கேட்ட காதுகளுக்கும், வலித்துக்கொண்டே உட்கார்ந்திருந்த கால்களுக்கும் என் நன்றி. அவசரமில்லை, மெதுவாக எழுந்திருங்கள். அனைவருக்கும் வணக்கம்.