கூனிச் சம்பலுக்கு ஒரு நிறம்

– லேபிளுக்கு நீலம் எண்டு சொல்லித்தானே பிள்ளை இவனை உன்ர அச்சுக்கடைக்கு அனுப்பினனான்? மடு மாதாவின்ர நீலம்! பிறகேன் இந்தக் கொம்பியூட்டரில கிளிப்பச்சை நிக்குது?

– அன்ரி, முதல்ல கதிரையில இருங்கோ. நான் நீலத்திலதான் செய்தனான். உங்கட மகன்தான் மாத்தச் சொன்னவர்.

– கொலின்ஸ்! அங்க சுவரில என்ன பாக்கிறாய்? இஞ்ச வா. நிறஞ்சலா சொல்லுறது உண்மையோ?

– அது வந்து அம்மா... பச்சை கண்ணுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியா...

– கூனி இறால் சம்பலுக்கு என்னடா குளிர்ச்சி? வாயில வைச்சாக் கண்ணால தண்ணி வரோணும்! மாதாவே, நாளைக்கு விடிய மடுத் திருவிழாவுக்குச் சாமான் ஏத்துற வான் வெளிக்கிடுது. போன வருசம் லேபிள் இல்லாம விக்கக் கொண்டுபோய், ஆர் செய்ததோ எண்டு ஒருத்தரும் தொடேல்ல. அப்பிடியே திருப்பிக் கொண்டுவந்தனான். இந்த முறையும் அப்பிடியெண்டா நான் சம்பல் வறுக்கிற தாச்சியைக் கவிட்டு வைச்சிடுவன், சொல்லிப்போட்டன்.

– பயப்பிடாதேங்கோ அன்ரி.

– எப்பிடிப் பயப்பிடாமல் இருக்கிறது? ஒரு நிறம் எடுக்க இவனுக்கு இவ்வளவு நாளோ?

– பச்சைக்கு முதல் கத்தரிப்பூ கேட்டவர். அதுக்கு முதல் செம்மஞ்சள். ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி எண்டவர்.

– கத்தரிப்பூவோ! கத்தரிக்காய்ப் பொரியல் எண்டெல்லே சனம் நினைக்கும்!

– செம்மஞ்சள் நல்லாத்தான் இருந்தது அம்மா. ஆனா அடுத்த முறை வந்து பாக்கேக்க கத்தரிப்பூ இன்னும் எடுப்பா இருந்தது.

– எங்கயடா இருந்தது? கொம்பியூட்டரில அப்ப செம்மஞ்சள்தானே நிண்டிருக்கும்?

– அம்மா, வாசல்ல ஆரோ கடைக்கு வருகினம், பாருங்கோ.

– நிறஞ்சலா தங்கச்சி, என்ர கடைப் பேர்ப் போட் அடிச்சு ஆயத்தமோ?

– ஓம், சிவரூபன் அண்ணா. கதவுக்குப் பின்னால சாத்தி வைச்சிருக்கு, எடுங்கோ.

– சரி தங்கச்சி, வாறன்.

– பிள்ளை, ஒருக்கா எழும்பி நில்லு பாப்பம். நீ போட்டிருக்கிற சட்டை கிளிப்பச்சை.

– ஓம் அன்ரி.

– செம்மஞ்சள் கேட்ட அண்டைக்கு என்ன போட்டிருந்தனீ?

– செம்மஞ்சள்.

– கத்தரிப்பூ?

– அது தங்கச்சி டிலோஜினின்ர சட்டை. ஒரே ஒரு நாள்தான் போட்டனான்.

– அந்த ஒரு நாளையும் விடேல்லப் பார் இவன்! கொலின்ஸ், எங்க வெளிக்கிடுறாய்? நில்லு.

– மோட்டச்சைக்கிள் வெய்யிலுக்க நிக்குது அம்மா...

– நிக்கட்டும், உருகாது. நீ ஏன் பிள்ளை குனிஞ்சு சிரிக்கிறாய்? உனக்கு இது தெரியுமோ?

– முதல் நாள் தெரியாது அன்ரி.

– அப்ப பிறகு தெரியும்! உன்னட்டை நீலச் சட்டை ஒண்டும் இல்லையோ?

– ரெண்டு இருக்கு. போடேல்ல.

– ஏன்?

– போட்டா நீலத்துக்கே ஓம் எண்டிடுவார். பிறகு இவர் இஞ்ச ஏன் வரப்போறார்?

– நிறஞ்சலா... உண்மையாவோ?

– நீ வாயை மூடு! நான் கதைக்கிறன். இப்ப வந்த பெடியனை அண்ணா எண்டாய். இவனை ஏன் பிள்ளை ஒருக்காலும் அண்ணா எண்டேல்ல?

– அன்ரி... இந்தாங்கோ, இந்தக் கட்டைப் பிடியுங்கோ.

– என்ன இது?

– லேபிள். உங்கட நீலம்தான். முதல் நாளே அடிச்சு வைச்சிட்டன். உங்கட சம்பலை நான் கைவிடுவனோ?

– மாதாவே! இதை வைச்சுக்கொண்டோ இவ்வளவு நாளும் ரெண்டு பேரும் என்னைப் பேய்க்காட்டினனீங்கள்? குடு இஞ்ச. நல்ல வடிவா இருக்கு.

– அம்மா, அப்ப நிறம் முடிஞ்சுதுதானே? நாங்கள் போவமே?

– லேபிளுக்கு முடிஞ்சுது. நீ இனி நிறம் சொல்ல வேண்டாம், உன்ர சீர் தெரிஞ்சுபோச்சு. பிள்ளை, நீயே சொல்லு: கலியாணக் கூறைச்சீலை என்ன நிறத்தில எடுப்பம்?