சிவப்பு ரிப்பன் இல்லாத கோப்பை

எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளியில் கரும்பலகையில் தேதி எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். விசாரணைக்காக நீங்கள் அனுப்பிய சாட்சிப் படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வரிதான் இடம் விட்டிருக்கிறீர்கள். நல்ல பழக்கம், நானே பல இடங்களில் பரப்பிய பழக்கம். ஆனால் சொல்ல வேண்டியது கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் தனித்தாளில் எழுதுகிறேன். காகிதத்தை ஒழித்த ஆள் காகிதத்தில் எழுதுகிறானே என்று நீங்கள் சிரித்தால் தவறில்லை.

எண்பத்து நான்கு படுக்கைகள் கொண்ட அந்தப் பராமரிப்பு இல்லத்தில் டிஜிட்டல் மாற்றத்துக்குத் தலைமை தாங்கியவன் நான். என் மனைவிக்கு அந்தப் பதவிப் பெயரைக் கேட்டாலே சிரிப்பு வரும். "வீட்டு ரிமோட்டுக்குப் பேட்டரி மாத்தத் தெரியாது. இவர் போய் ஊரையே மாத்தப் போறாராம்" என்று தன் அக்காவிடம் தொலைபேசியில் சொல்வாள், எனக்குக் கேட்கும்படியாகவே. பிறகு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் குழறிவிட்டது. அவளை எங்கள் இல்லத்திலேயே சேர்த்தேன். என் ஏற்பாட்டின் மீது எனக்கு இருந்த நம்பிக்கைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அங்கே தலைமைச் செவிலியர் ஒருவர் இருந்தார். எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். இருபத்தாறு வருடச் சர்வீஸ். அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். விழுங்கச் சிரமப்படும் நோயாளிக்கு வெறும் தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலுக்குப் போய்விடும். மாவு மாதிரி ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களின் கோப்பைக் கைப்பிடியில் பள்ளிப் பிள்ளைகள் தலையில் கட்டும் சிவப்பு ரிப்பனைக் கட்டிவிடுவார். யார் கோப்பையை எடுத்தாலும் விரலில் துணி தட்டுப்படும். அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்தவருக்கும் புரியும், கண்ணாடியை மறந்து வந்தவருக்கும் புரியும்.

குறை என்னவென்றால், ரிப்பனுக்குக் கடவுச்சொல் கிடையாது. எத்தனை ரிப்பன் எத்தனை மணிக்குக் கட்டப்பட்டது என்று வரைபடம் போட முடியாது. இப்படி ஒரு பொருளை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் எப்படி முன்னேறும்?

ஆகவே கையடக்கக் கணினிகள் வந்த அன்று, திறப்பு விழாவுக்கு வாசலில் ரிப்பன் கட்டுவானேன், கோப்பையில் இருப்பதையே வெட்டலாம் என்று யோசனை சொன்னேன். இயக்குநருக்கு மிகவும் பிடித்துவிட்டது. தட்டில் பத்தொன்பது கோப்பைகள். என் மனைவியைச் சேர்த்து அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது; எந்தக் கோப்பை யாருடையது என்று நான் பார்க்கவில்லை. நான்தான் கத்தரித்தேன். படம் எடுத்தார்கள். பெரிய சிஸ்டர் மட்டும் படத்துக்கு நிற்காமல் என் பக்கத்தில் வந்தார்.

"சார், இதை எடுத்துட்டா அவசரத்துல யாருக்கு எப்படித் தெரியும்?"

"சிஸ்டத்துல இருக்கும் சிஸ்டர்."

"சிஸ்டம் தண்ணி குடுக்க வராது சார். நாங்கதான் வரணும்."

மாற்றத்தை எதிர்ப்பவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. அவர்களிடம் பொறுமை காட்ட வேண்டும் என்று நானே பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பொறுமை காட்டினேன்.

பதிவுகள்தான் மெதுவாக ஏறின. விழுங்குவது பற்றிய கேள்வி நான்காவது திரையில் இருந்தது. படுக்கை மாற்றவும் குளிப்பாட்டவும் ஆட்கள் போதாத இடத்தில் நான்காவது திரை வரைக்கும் போக யாருக்கு நேரம்? பாதிப் பேருக்குக் கட்டம் காலியாகக் கிடந்தது. நிரம்பினால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. நான் பச்சை பச்சை என்று கேட்டுக்கொண்டே திரிந்ததால் ஊழியர்கள் எனக்குப் 'பச்சை சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆய்வுக் குழு வரும் வாரத்தில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். காலியாக விடப்பட்ட கட்டம் எதுவானாலும் அதன் முதல் விடையை அதுவே எடுத்துக்கொள்ளும். இந்தக் கேள்விக்கு முதல் விடை, 'சிரமம் இல்லை.' ஒரே ஒரு அழுத்தம்தான். கட்டம் காலியாகக் கிடந்த அத்தனை பேரும் நன்றாக விழுங்கத் தொடங்கினார்கள். எந்த மருத்துவரும் இதுவரை சாதிக்காதது. ஆய்வுக் குழு பாராட்டுக் கேடயம் கொடுத்தது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மனைவியைப் பார்க்கப் போனேன். வழக்கமாக அவ்வளவு அடிக்கடி போவதில்லை, வேலை அப்படி. வெயில் ஜன்னல் வழியாக அவள் கட்டில் வரை வந்திருந்தது. உதடு காய்ந்திருந்தது. பக்கத்துக் குடுவையிலிருந்து அவளுடைய கோப்பையில் தண்ணீர் ஊற்றினேன். அவள் தலையை ஆட்டினாள். இடது கையால் கோப்பையைப் பிடித்து, கைப்பிடியைக் கட்டைவிரலால் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. அழுக்கு என்கிறாளோ என்று துடைத்துக் கொடுத்தேன். மறுபடியும் தேய்த்தாள்.

சந்தேகம் வந்தால் பதிவைப் பார்க்க வேண்டும் என்பது நான் போட்ட விதி. நான்காவது திரை வரை போனேன். பச்சை. 'சிரமம் இல்லை.'

"குடிம்மா, ஒண்ணும் ஆகாது. நானே பார்த்துட்டேன்" என்றேன்.

முப்பத்தொரு வருடத்தில் அவள் என் பேச்சைத் தட்டியதில்லை, கிண்டல் செய்ததோடு சரி. குடித்தாள். இருமினாள். இரண்டாவது வாய்க்குச் சிரமப்பட்டாள். மூன்றாவதும் கொடுத்தேன், இருமல் அடங்கட்டும் என்று. அன்று மாலையே காய்ச்சல். நான்காம் நாள் போய்விட்டாள்.

அவளுக்கு வெறும் தண்ணீர் கூடாது என்று சேர்த்த வாரத்திலேயே என்னிடம் விளக்கியதாக, விழுங்குவதையும் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். இருக்கலாம். அன்று என் தொலைபேசியில் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. விளக்கம் பெற்றேன் என்ற தாளின் அடியில் இருக்கும் கையெழுத்து என்னுடையதுதான். அழகாகவே இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

சவ அடக்கம் முடிந்த மறுநாள் அலுவலகம் போனேன். என் துக்கத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. 'சிரமம் இல்லை' என்ற பதிவு வெளியே தெரிந்தால் சிஸ்டத்தின் மீது நம்பிக்கை போய்விடும். மறுபடியும் நோட்டுப் புத்தகம், ரிப்பன். ஒரு மனுஷியின் சாவை அதற்கெல்லாம் பயன்படுத்த விடலாமா? அவளுடைய கட்டத்தில் 'சிரமம் உண்டு' என்று முந்தைய மாதத் தேதியிட்டுப் பதிந்தேன். தண்ணீர் கொடுத்தவர் என்ற இடத்தில் யாரையாவது போட்டாக வேண்டும். அன்று பணியில் இருந்தவர் பெரிய சிஸ்டர். சிஸ்டம் எச்சரித்தது, மனிதர் தவறினார் என்று ஆயிற்று. மனிதர் தவறுவது இயல்பு, யாரும் அதிர்ச்சி அடையவில்லை. அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். இப்போது அவருடைய செவிலியர் உரிமத்தையும் பறிப்பதா என்று நீங்கள் தீர்மானிக்கப் போகிறீர்கள்.

போன வாரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். என்னைத் திட்ட வந்திருப்பார் என்று நினைத்து நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். அவர் உட்காரவே இல்லை.

"எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன் சார். அம்மாவுக்கு நான் தண்ணி குடுத்த ஞாபகமே வரல. ஆனா சிஸ்டத்துல இருக்கே, அது பொய் சொல்லுமா. எனக்கு வயசாயிடுச்சு போல. மன்னிச்சிருங்க."

என் ஆறு வருட உழைப்பில், ஒருவர் தன் நினைவைவிடச் சிஸ்டத்தை நம்பியது அன்றுதான். பெருமையாக இருந்திருக்க வேண்டும். பரவாயில்லை சிஸ்டர், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி வாசல் வரை போய் வழியனுப்பினேன். திரும்பி வந்து பாத்திரம் கழுவினேன். வீட்டில் இருந்த அத்தனை கோப்பைகளின் கைப்பிடியையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே இன்று காலை பதிவைத் திறந்து பெரிய சிஸ்டரின் பெயரை எடுத்துவிட்டு, கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுவிட்டேன். என் மனைவிக்குத் தண்ணீர் கொடுத்தது நான். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. இதைவிடத் தெளிவாக ஒருவன் ஒப்புக்கொள்ள முடியாது.

அதற்குக் கீழே இன்னொரு கட்டம் இருக்கிறது. 'கொடுத்தவருக்கு ஆபத்து முன்பே தெரிவிக்கப்பட்டதா?' பெயர் மாறியதும் பழைய விடை அழிந்து அது காலியானது. அதை நான் தொடவில்லை. சேமித்ததும் தானாகவே 'இல்லை' என்று நிரம்பிக்கொண்டது. சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, நீங்களும் பார்த்துக்கொள்ளலாம்.