பம்பு நிற்கவில்லை

பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று எவன் சொன்னான்? இது நடந்தது பட்டப்பகல் பன்னிரண்டரை மணிக்கு. சாத்தான்குளம் தாண்டிக் கடற்கரைக்குப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் பனை. ஆள் இல்லை, ஆடு மாடு இல்லை. தார் இளகிக் கிடக்கிறது... அந்த வெயிலில் பைக்கில் தனியாகப் போய்க்கொண்டிருந்தான் சத்தியநேசன். நம் ஹசன் அலி இருக்கிறானே, அவன் கூட்டாளிக்குக் கூடப்பிறந்த அண்ணன். பேட்டையில் பழைய கார்களைச் சீர்பண்ணும் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். அந்தக் கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

அவன் போனது ஜெர்வின் வீட்டுக்கு. ஜெர்வின் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவன் பெண்டாட்டி ரெனிஷாவிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்லமாட்டோம் என்று சத்தியநேசனுக்கே தெரியும்.

என்ன உண்மை? ஜெர்வினின் அப்பா அம்புரோஸ் விட்டுப்போன கார் ஒன்று. சீமையில் செய்தது. கூரை கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம். ஜெர்வின் கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்ததும் அதைப் பேட்டைக்குக் கொண்டுவந்தான். "பழைய கார்புரேட்டரையே கழத்திக் கழுவி மாட்டுங்க அண்ணாச்சி. எங்கப்பா கைபட்ட சாமான்" என்றான்.

சத்தியநேசன்தான் கேட்கவில்லை. அவனுக்குப் புதுச் சாமான் என்றால் கை அரிக்கும். "பியூயல் இன்ஜெக்‌ஷன் போட்டுருவோம் தம்பி. புதுசா மினுக்குதது வேண்டாம். இந்தா பாரு, இது வெளிய கார்புரேட்டர் மாதிரியே இருக்கும். அதே பித்தளை மூடி, அதே வளைவு. உள்ளதான் வித்தை. உங்கப்பா வந்து பாத்தாலும் கண்டுபிடிக்க மாட்டாரு" என்றான். ஜெர்வின் மூன்று நாள் யோசித்தான். போனில் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தான். கடைசியில் சிரித்துக்கொண்டே சரி என்றான்.

பழைய காரில் பெட்ரோல் பம்பை இன்ஜின்தான் ஓட்டும். இன்ஜின் நின்றால் பெட்ரோலும் நின்றுவிடும். புதுசில் பம்பு கரண்டில் ஓடும். சீட்டுக்குப் பின்னால் 'ங்ங்ங்...' என்று முனகிக்கொண்டே இருக்கும். அதனால் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சுவிட்ச் கொடுத்திருந்தார்கள். வண்டி எங்கேயாவது மோதினால் அது பம்பை நிறுத்திவிடும்.

நம்ம ஊர்ப் பள்ளத்தை அந்தச் சுவிட்ச் கண்டதா? ஒவ்வொரு குழிக்கும் மோதல் என்று நினைத்து நிறுத்தியது. கைப்பிள்ளையோடு ரெனிஷா நடுரோட்டில் இரண்டு தரம் நின்றாள். இரண்டாம் தரம் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்தான் ஜெர்வின். அன்றைக்குச் சத்தியநேசனுக்குத் தலைக்கு மேல் வேலை. சாவியிலிருந்து பம்புக்கு நேராக ஒரு வயரை இழுத்தான். டேப் சுற்றினான். பத்தே நிமிடம்.

"அந்தச் சுவிட்ச் இருக்குல்லா அண்ணாச்சி?"

"இருக்கு தம்பி."

பொய் இல்லை. சுவிட்ச் இருந்தது. வேலைதான் செய்யாது.

அடுத்த வாரம், குறுக்கே வந்த நாய்க்கு ஒதுங்கிப் பனையில் இடித்தான் ஜெர்வின். பெரிய அடி இல்லை. கால் மட்டும் மாட்டிக்கொண்டது. இன்ஜின் நின்றுவிட்டது. பம்பு நிற்கவில்லை... ஓடிவந்தவர்கள் பிறகு சொன்னார்கள், பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருந்ததாம். பிறகு குப்பென்று பிடித்ததாம். விதி என்றார்கள். சத்தியநேசனும் தலையை ஆட்டினான். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. 'நான்தானே கொன்றேன், நான்தானே' என்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

இப்போது அந்தப் பனை வந்தது. ஒரு பக்கம் கரி. அதற்கு நேரே பைக் அணைந்தது. ஊரே இல்லாத அமைதி... அதற்குள்ளே மெல்லிசாக...

'ங்ங்ங்...'

பெட்ரோல் வாடை. அவனுடைய பைக்கில் அப்படி ஒரு பம்பே கிடையாது. சாவியை உருவினான். சத்தம் நிற்கவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அவனும் அதைத்தான் செய்தான். பைக்கைத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

ரெனிஷா அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். மேசையில் ஜெர்வின் படம், முன்னால் ஒரு மெழுகுதிரி. உள் அறைக் கதவு தாழ் போட்டிருந்தது. அதற்குள்ளிருந்து முனகல். பிரிட்ஜ் என்று நினைத்துக்கொண்டான். கொஞ்சம் தெம்பு வந்தது.

"ஃபேன் ஓடாது அண்ணாச்சி. காலைலேருந்து கரண்டு இல்ல" என்றாள் ரெனிஷா.

டம்ளரைக் கீழே வைத்தான். கரண்டு இல்லாமல் எந்தப் பிரிட்ஜ் ஓடும்?

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "வண்டில கொற ஏதும் இருந்துச்சா அண்ணாச்சி?"

சொல்லிவிடு. இதற்குத்தானே வந்தாய். ஆனால் வாய் இருக்கிறதே... "ஒரு கொறையும் இல்ல தங்கச்சி."

முனகல் உரத்தது. வாடை மூக்கில் ஏறியது. உள் அறைக் கதவின் அடியில் தரை நனைந்துகொண்டே வந்தது, பைய, மேசைக்கு நேராக. ரெனிஷா அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. எழுந்து படத்தின் முன் போய் நின்றாள். மெழுகுதிரி ஏற்றத் தீக்குச்சியை உரசினாள்.

"கொளுத்தாத தாயீ. நான்தான். நேரா வயர் இழுத்தது நான்தான். சுவிட்ச் வேல செய்யாது. அவன் கேட்டான், நான் மறச்சிட்டேன்."

சத்தம் நின்றது.

தரை காய்ந்து கிடந்தது. வாடை இல்லை. சத்தியநேசன் மூஞ்சியைப் பொத்திக்கொண்டு அழுதான். ரெனிஷா விரல் சுடும் வரைக்கும் குச்சியைப் பிடித்திருந்துவிட்டு ஊதி அணைத்தாள்.

"அவியளும் அதத்தான் சொன்னாவ" என்றாள், புருஷன் படத்தைப் பார்த்து. "நீங்க வாயால சொல்லுத வரைக்கும் கதவத் தொறக்காதன்னாவ."

போய், உள் அறைத் தாழ்ப்பாளை நீக்கினாள்.