வதிவிடமாகக் கொண்டவர்

எங்கள் விடுதியில் காலைச் சாப்பாடு நன்றாக இருக்கும், மதாம். சோதனைக்கு வந்த உங்கள் பொலிஸ்காரர்களே இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள்.

எங்கள் தமிழர் கடைத்தெருவான லா சப்பலில் குதிரைவண்டிகள் தங்கிப்போன காலத்துச் சத்திரம் அது. நான் எடுத்து நடத்தத் தொடங்கியபோது வரலாறும் மூட்டைப்பூச்சியும்தான் மிச்சம் இருந்தன. வரலாறு என்றால் லூடோவிக். ஒரு காலத்துச் சைக்கிள் பந்தய வீரர். மேல்மாடியில் நெடுங்காலமாகக் குடியிருந்தார். அவருடைய பந்தயச் சைக்கிள் மாடிப்படிச் சுவரில் தொங்கியது. அதைப் படமெடுக்கவும் அவரோடு ஒரு கோப்பி குடிக்கவுமே வெளிநாட்டார் அறை எடுத்தார்கள்.

போன மாதம் அவருடைய மகள் மர்கரீத் வந்து, கடற்கரையிலுள்ள தன் வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். என் மனைவி கோசலைக்குச் சிரிப்பு.

"இஞ்சருங்கோ, சைக்கிளையும் கொண்டுபோறாராம். இனி ஆரைப் பாக்க வரப்போயினம்? உங்களையோ?"

எங்கள் மரண அறிவித்தல்களைக் கடைக் கண்ணாடிகளில் பார்த்திருப்பீர்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்டவர் என்றுதான் தொடங்கும். அதில் எழுதிய இடம்தான் ஒருவருக்கு நிலைக்கும். இவ்வளவு காலம் எங்களோடு இருந்தவரைக் கடைசியில் கடற்கரைக்காரர் ஆக்குவது நியாயமா?

ஞாயிறு புறப்பாடு. சைக்கிளைத் தானே இறக்குவேன் என்று பிடிவாதமாக நின்றார். படி செங்குத்து. சனிக்கிழமை மாடிப்படிக் கைப்பிடியின் திருகாணிகளைத் தளர்த்தி வைத்தேன். ஞாயிறு அச்சகம் பூட்டு என்பதால் அறிவித்தலையும் அன்றே அடித்துவிட்டேன். காலையில் கொண்டுபோய் றொஜரின் பலசரக்குக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன்.

"அண்ணை, இது உங்கட மேல்மாடி மனுசனெல்லோ? நேற்றும் இதிலை நிண்டு பகிடி விட்டவர்."

"ஓம். விடியக் காலமாயிட்டார்."

"மகளிட்டைப் போகாமல் தப்பிட்டார்" என்றான் றொஜர்.

திரும்பி வந்தேன். கோசலை கோயிலுக்குப் போயிருந்தாள். லூடோவிக் படியடியில் சைக்கிளோடு கிடந்தார். மூச்சு இருந்தது. சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை.

அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம்தான். ஆனால் அறிவித்தல் ஒட்டியாகிவிட்டது, றொஜரிடமும் சொல்லியாகிவிட்டது. வரவேற்பறைச் சோபாவிலிருந்து ஒரு தலையணையை எடுத்துவந்தேன்.

என்னிடம் குறைகள் உண்டு, மதாம். ஆனால் நான் பொய் சொன்னதாக லா சப்பலில் ஒருவரும் சொல்லமுடியாது.