நிரைக்குள் திரும்பி வந்தவள்

இரட்டையர் பூப்பந்து ஆட நான்கு பேர் வேண்டும், பாஸ்கல் அண்ணே. மூன்று பேர் வந்து நான்காவது ஆளுக்காகக் காத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் அந்த மூவரும் மட்டையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நானும் உங்கள் தம்பி ரோய்ஸ்டனும் ஈப்போவில் ஒரு கடைமாடியில் உட்கார்ந்து செய்த ‘நிரை’ விளையாட்டும் அப்படித்தான் காலியானது.

அதில் குறை ஒன்றும் இல்லை. செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தைக் கணினிக்குள் கொண்டுவந்திருந்தோம். ஒருவர் தோட்டத் தொழிலாளர்களை மேய்க்கும் தண்டலாகத் தேடுவார். மற்றவர்கள் மர நிரைகளுக்குள் ஒளிய வேண்டும். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் ஆட்டம் தொடங்கும். ரோய்ஸ்டன் வரைந்தான், நான் சர்வரைப் பார்த்துக்கொண்டேன். அவன் மனைவி சமந்தா தினமும் ஆடுவாள்.

பிறகு அந்தப் பெரிய விளையாட்டு வளர்ந்தது. அதன் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உங்கள் பிள்ளைகளின் கைபேசியிலும் இருக்கும். அது எங்களோடு போட்டி போடவில்லை, எங்களைப் பார்க்கக்கூட இல்லை. எட்டுப் பேரில் இருவர் அங்கே போனார்கள்; மீதி ஆறு பேர் காத்திருந்து அலுத்துப் பின்னாலேயே போனார்கள். அடுத்து அது தன் கதவைத் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து சொந்த ஆட்டம் கட்டலாம் என்றார்கள். பினாங்கில் எங்களைப் போலத் தொழில் செய்தவர்கள் கடையை மூடிவிட்டு அதற்குள் குடிபோனார்கள்.

அந்த வருடம்தான் சமந்தா கோலாலம்பூரிலிருந்து திரும்பும்போது பீடோர் அருகே நெடுஞ்சாலை விபத்தில் இறந்தாள். ‘நிரை’யில் இருந்த அவளுடைய கணக்கை அழிக்க வேண்டாம் என்று ரோய்ஸ்டன் என்னிடம் கேட்டுக்கொண்டான். "அவ பேரு அங்கயே இருக்கட்டும் பியா," என்றான். நானும் விட்டுவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து அவன் தானாகவே பெரிய விளையாட்டுக்குள் ஒரு தோட்டம் கட்டினான். எங்களுக்கு வருடம் முழுக்க வந்த கூட்டம் அங்கே ஒரே நாளில் வந்தது. காப்பிக் கடையில் பக்கத்து மேசைப் பையன்கள் அவன் வரைந்த மரங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அவனுக்கு வாழ்த்துச் சொன்னேன். அன்று வாங்கிய காப்பியைக் குடிக்க முடியவில்லை.

"சர்வரை நிறுத்திரலாம்லா," என்றான். "ஆளுங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க. நீயும் வா."

"அங்க நாம வாடகைக்குத்தான் இருக்கணும் ரோய்."

"இங்க மட்டும் யாரு இருக்கா? நீயும் நானும்தான்."

அது எனக்குப் போதுமாக இருந்தது. அவனுக்குப் போதவில்லை.

அந்த வாரம் ஒரு மாலை சமந்தாவின் கணக்கைத் திறந்தேன். சர்வர் என்னுடையது, கடவுச்சொல் தேவையில்லை. அவள் எப்போதும் ஒளியும் கிணற்றடிக்குப் போய் நின்றேன். ரோய்ஸ்டன் உள்ளே வந்து பார்த்தான். வெகுநேரம் அசையவில்லை. நானும் ஒரு வார்த்தை தட்டவில்லை. அப்போது அதை நேர்மை என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து அவன் பெரிய விளையாட்டில் கட்டிய தோட்டத்தை எட்டிப் பார்க்கவில்லை. அங்கிருந்த கூட்டம் வேறு ஆட்டங்களுக்குப் போய்விட்டது. அந்தக் கூட்டம் யாருக்காகவும் காத்திருக்காது. ரோய்ஸ்டன் ‘நிரை’யிலேயே கிடந்தான். "சம்மு, நீதானா?" என்று கேட்டான். "சாப்டியா?" என்று தட்டினேன். பழைய உரையாடல்கள் எல்லாம் சர்வரில் இருந்தன. என் சொல் ஒன்றைக்கூட நான் சேர்க்கவில்லை அண்ணே. எல்லாம் அவள் எப்போதோ எழுதியவைதான்.

அவன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. முகம் மட்டும் தெளிந்திருந்தது. நல்லது செய்கிறோம் என்றே நம்பினேன்.

பிறகு ஒரு நாள் எழுதினான்: "சம்மு, அந்தப் பெரிய கேம்ல நமக்கு ஒரு வீடு கட்டப் போறேன். இங்க யாரும் இல்ல. அங்க வந்துரு."

அந்த விளையாட்டு எங்கள் எட்டுப் பேரைக் கொண்டுபோனது, பினாங்கு நண்பர்களைக் கொண்டுபோனது, கடைசியில் செத்தவளையும் கேட்டது. அங்கே என்னால் அவளாக நடக்க முடியாது. அந்தச் சர்வர் என் கையில் இல்லை. பழைய பதிவுகளில் தேடினேன். சாகும் முன் அவள் கைபேசியிலிருந்து ‘நிரை’யில் அவனுக்கு அனுப்பிய கடைசி வரி கிடைத்தது.

"பீடோர் கிட்ட இருக்கேன். வந்துகிட்டே இருக்கேன்."

அதை அனுப்பினேன். மழையில் பீடோர் அருகே நெடுஞ்சாலையோரம் நின்று வரும் கார்களை எல்லாம் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தவனைப் போலீஸ்காரர்கள் கூட்டிவந்ததும், நீங்கள் அவனைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் சேர்த்ததும் உங்களுக்குத் தெரியும்.

போன மாதம் நான் அவனைப் பார்க்கப் போனபோது டாக்டரும் இருந்தார். மனைவி தனக்கு எழுதினாள் என்ற பேச்சை அவன் விட்டால்தான் வீட்டுக்கு அனுப்புவது பற்றி யோசிக்க முடியும் என்றார். ரோய்ஸ்டன் என் கையைப் பிடித்தான்.

"நீ சொல்லு பியா. சர்வர்ல பாத்திருப்பல்ல. அவ வந்தாதானே?"

"யாரும் வரல ரோய்," என்றேன்.

அவன் சொன்னது உண்மை. அந்த எழுத்துகள் வந்தன. அனுப்பியவள் நான். டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் அண்ணே. அந்த மாதங்களில் அவன் வேறு எங்கும் போகவில்லை. ஒவ்வொரு மாலையும் என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தான்.