பரிணாமப் பாடத்துக்கு ஒரு மொட்டை

திருப்பதியிலிருந்து நகரிக்குப் போகும் பஸ் வடமாலபேட்டையைத் தாண்டியிருந்தது. எனக்கு முன் சீட்டில் சந்தனம் பூசிய புது மொட்டையோடு இருந்தவர் சொன்னதைக் கேட்டுத்தான் தூக்கம் கலைந்து நிமிர்ந்தேன்.

"கொரங்குலேர்ந்து வந்தோம்னு பசங்களுக்கு சொல்றதுக்கு எனக்கு வெக்கமே இல்ல மச்சான். இந்தத் தலைய வெச்சிக்கினு சொல்லணுமேன்னுதான் வெக்கமா கீது."

பக்கத்திலிருந்த மைத்துனர் சிரித்தார். "இன்னா மாமா வேண்டுதல்?"

"நம்ம டென்த் பசங்க பயாலஜில ஒருத்தன் விடாம பாஸாவணும்னு. பரிணாமத்துலேர்ந்து பெரிய கேள்வி வந்துகீதுன்னு சொன்னானுங்க. உடனே மலையப் பாத்து கும்புட்டேன்."

"உயிரெல்லாம் தானா மாறிச்சு, எந்த சாமியும் செய்யலன்னு நீதானே பாடம் நடத்தற?"

"ஆமா. அத்த எழுதி பாஸாவறதுக்குத்தான் சாமியக் கூப்ட்டேன்."

"பாஸாயிட்டானுங்களா?"

"அத்தினி பேரும். மனுசனுக்கு ஒடம்பு முடி கொறையறதுக்கு லட்சக்கணக்கான வருசம் ஆச்சுன்னு நடத்தினேன். என்து கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போச்சு."

"சரி, சாமிய நம்பறியா, பரிணாமத்த நம்பறியா? ஒண்ணு சொல்லு மாமா."

அவர் தலையைத் தடவி, விரலில் ஒட்டிய சந்தனத்தைப் பார்த்தார்.

"ரெண்டு மேலயும் நம்பிக்கை கீது மச்சான். நான் பாடம் நடத்தறதுமேலதான் இல்ல."